அமா தப்லாம் (6,812 மீ) ஏறக் கிளம்புமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தின் கும்பு பகுதியில் எவரெஸ்ட் பாதையில் நடக்கிற எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் மலை இது. ஷெர்பா மொழியில் 'அமா' என்றால் அம்மா. 'தப்லாம்' என்பது ஷெர்பாப் பெண்கள் கழுத்தில் அணியும் தாயத்துப் பேழை. சிகரத்துக்குக் கீழே தொங்கும் பனிப்பாளம் அந்தப் பேழைபோல இருப்பதால் இந்தப் பெயர். முதன்முதலில் ஏறியது 1961 மார்ச்சில், தென்மேற்கு முகடு வழியாக. இன்றும் பெரும்பாலானோர் போவது அதே வழிதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வழியைப் பற்றியவை.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ட்ரெக் முடித்திருக்கிறேன். அடுத்து இதற்குப் போகலாமா?

கூடாது. ட்ரெக் என்பது நடை. இது கயிற்றில் தொங்கும் வேலை. நல்ல நுரையீரல், வலுவான கால், மன உறுதி எல்லாம் இருந்தும் இந்த மலையில் திணறுபவர்களுக்கு இல்லாமல் போவது ஒன்றுதான்: தடித்த கையுறையோடு, இருட்டில், களைத்த நிலையில் கயிற்று வேலையைத் தப்பில்லாமல் செய்யப் பழகிய கை.

நியாயமான வரிசை இப்படி இருக்கும். முதலில் உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிறுவனம் போன்ற ஓரிடத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி. அதில் 'ஏ' கிரேடு வாங்கினால் அட்வான்ஸ் பயிற்சி. பிறகு 6,000 மீட்டரைத் தாண்டிய ஒன்றிரண்டு சிகரங்கள். அவற்றில் ஒன்றாவது ஜூமார் (கயிற்றில் மேலே மட்டும் நகரும் கைப்பிடி) போட்டு ஏறி ரேப்பல் செய்து (கயிற்றில் சறுக்கி) இறங்கியதாக இருக்க வேண்டும். கும்புவிலேயே ஐலண்ட் பீக், லொபுச்சே கிழக்கு (6,119 மீ) இரண்டும் இதற்குப் பொருத்தம். இவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பயிற்சி நிறுவனங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். தேதி அறிவித்த உடனே விண்ணப்பியுங்கள்.

வழி எப்படி இருக்கும்? எங்கே கடினம்?

பேஸ் கேம்ப் சுமார் 4,600 மீட்டரில், பாங்போச்சே ஊரிலிருந்து அரைநாள் நடையில் இருக்கும் பரந்த புல்வெளி. அங்கிருந்து கேம்ப் 1 (சுமார் 5,700 மீ) வரை நீண்ட நடை. கடைசியில் பெரும்பாறைகள் மேல் தாவித் தாவி, சரிந்த பாறைத்தட்டுகளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும்.

கேம்ப் 1 முதல் கேம்ப் 2 வரை ஏற்றம் குறைவு, பக்கவாட்டு நகர்வு அதிகம். கத்திமுனைபோன்ற கிரானைட் முகட்டில் போய்க்கொண்டே இருப்பீர்கள், இரு பக்கமும் வெறும் வெளி. உயர பயம் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். கேம்ப் 2-க்குச் சற்று முன்னால் 'மஞ்சள் கோபுரம்' என்கிற, ஏறக்குறைய செங்குத்தான பாறைச்சுவர். உயரம் சில பத்து அடிகள்தான். ஆனால் முதுகில் மூட்டையோடு 5,900 மீட்டரில் அதை ஏறும்போது ஒவ்வொரு அசைவுக்கும் மூச்சு வாங்கும்.

கேம்ப் 2 (சுமார் 6,000 மீ) கழுகுக்கூடு. கூடாரம் போடச் சில இடங்களே உண்டு, சில கூடாரங்களின் ஓரம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் பாறையும் பனியும் கலந்த 'சாம்பல் கோபுரம்'. உதிரும் கல் அதிகமான பகுதி இதுதான். பிறகு காளான் வடிவப் பனி முகடு, அதைத் தாண்டி தப்லாம் பனிப்பாளத்துக்கு வலப்புறமாகச் செங்குத்தான பனிச்சரிவு, சிகரம்.

கேம்ப் 3-இல் தங்க வேண்டுமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சுமார் 6,300 மீட்டரில், தொங்கும் பனிப்பாளத்துக்கு நேர் கீழே இருக்கிறது அந்த இடம். 2006 நவம்பரில் பாளம் உடைந்து விழுந்து, அங்கே கூடாரங்களில் இருந்த 6 பேர் இறந்தார்கள். அதன்பிறகு பல குழுக்கள் கேம்ப் 2-இலிருந்தே சிகரத்துக்குப் போய்த் திரும்புகின்றன. அன்றைய நாள் மிக நீளமாகிவிடும், உண்மைதான். ஆனால் பாளத்துக்கு அடியில் ஓர் இரவு தூங்குவதைவிட அது மேல். கேம்ப் 2-இலிருந்து போய்வர உடம்பில் தெம்பு இல்லையென்றால் பயிற்சி போதவில்லை என்று பொருள்.

எந்தப் பருவம், மொத்தம் எத்தனை நாள்?

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் பிற்பகுதி வரை. மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும். நவம்பர் போகப் போகக் குளிரும் காற்றும் கூடும், கூட்டம் குறையும். காத்மாண்டு முதல் காத்மாண்டு வரை 28 முதல் 30 நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து நாளாவது வெறுமனே கிடக்கட்டும்: நடை தொடங்கும் லுக்லாவுக்கான விமானம் மூடுபனியால் நிற்கும், மேலே காற்று அடிக்கும். நெரிசல் பருவத்தில் லுக்லா விமானங்கள் காத்மாண்டுக்குப் பதில் ராமேச்சாப்பிலிருந்து கிளம்புவது வழக்கம். நடுராத்திரியில் எழுந்து நாலைந்து மணிநேரம் சாலையில் போக வேண்டியிருக்கும். லீவு 20 நாள்தான் கிடைக்கும் என்றால் வேறு மலை பாருங்கள்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது எப்படி?

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. சிகரத்தில் 45 சதவீதத்துக்கும் குறைவு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் இன்னும் மேலே போய்விட்டு வந்து கீழே தூங்குவது நல்லது.

நடைமுறையில், லுக்லாவில் (2,850 மீ) இறங்கி அன்றே சற்றுக் கீழே உள்ள பாக்டிங், மறுநாள் நாம்சே (3,440 மீ), அங்கே இரண்டு இரவு. பிறகு பாங்போச்சே. அங்கிருந்து நேரே பேஸ் கேம்ப் போவதற்குப் பதிலாக லொபுச்சே கிழக்கு ஏறிவிட்டு வரும் திட்டம் இருந்தால் அதையே எடுங்கள். அமா தப்லாமில் மேலும் கீழும் போகும் சுற்றுகள் குறையும், கயிற்றுக்கும் கை பழகும். அது இல்லையென்றால் கேம்ப் 1-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பி, இன்னொரு முறை போய் அங்கே ஓர் இரவு தங்கி, மஞ்சள் கோபுரம் வரை ஏறிப் பார்த்துவிட்டுப் பேஸ் கேம்ப் வந்து மூன்று நாள் ஓய்வு. அதன்பிறகுதான் சிகர முயற்சி.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விரல் சில்லிட்டிருந்தால் அது கண்டபடி காட்டும். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, தலைவலி காலையில் போகிறதா என்பவையே நம்பகமான அளவுகள்.

டயமாக்ஸ் (உயரநோயைத் தடுக்கும் மாத்திரை) போடலாமா? வேறு என்ன மருந்து வேண்டும்?

தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை இரு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்பட வேண்டாம். வீட்டில் இரண்டு நாள் போட்டுப் பார்த்து ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டு ஆபத்துகளைக் குழுவில் ஒவ்வொருவரும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மூளை வீக்கம்: தடுமாறுவார், உளறுவார், கையுறை மாட்டத் தெரியாமல் விழிப்பார். குதிகாலை மற்ற காலின் நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது நுரையீரலில் நீர் கோத்தல்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், இருமலில் பிறகு இளஞ்சிவப்பு நுரை வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, உடனே கீழே இறக்குவது. டெக்ஸாமெத்தசோன் (முதலில் 8, பிறகு ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம்) மூளை வீக்கத்துக்கும், நிஃபெடிபின் (மெதுவாகக் கரையும் 30 மில்லிகிராம், 12 மணிநேரத்துக்கு ஒருமுறை) நுரையீரலுக்கும், இறங்குவதற்கான அவகாசத்தை வாங்கித் தருபவை மட்டுமே. பெட்டியில் இருக்கட்டும், எப்போது எடுப்பது என்பதை மலை மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் முன்பே பேசிவையுங்கள்.

கிளம்ப மூன்று மாதம் முன்னால் ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு இரும்புச் சேமிப்பையும் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். பல் சொத்தை இருந்தால் அடைத்துவிடுங்கள். மலையில் பல்வலி வந்தால் பயணமே முடிந்தது.

மலையே இல்லாத ஊரில் இருக்கிறேன். உடம்பை எப்படித் தயார்செய்வது?

மாடிப்படி போதும். பத்து மாடிக் கட்டடம் ஏறக்குறைய 30 மீட்டர்; 33 முறை ஏறினால் 1,000 மீட்டர் கணக்கு. இறங்க லிஃப்ட் இருந்தால் அதில் இறங்குங்கள், முட்டி பிழைக்கும். மலைக்குப் போனால் மூட்டையில் எடைக்குத் தண்ணீர்க் கேன்களை ஏற்றி, உச்சியில் கொட்டிவிட்டு வெறும் மூட்டையோடு இறங்குவது பழைய உத்தி.

ஓராண்டுத் திட்டத்தில் முதல் ஆறு மாதம் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் நீண்ட நேரப் பயிற்சி, வாரம் 6 முதல் 8 மணிநேரம். இதைத்தான் பலர் தவறாகச் செய்கிறார்கள்: ஒவ்வொரு நாளும் நாக்குத் தள்ள ஓடி, மூன்றாம் மாதம் முழங்கால் வலியோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு நான்கு மாதம் வாரம் ஒருநாள் 10 கிலோவில் தொடங்கி 15 முதல் 18 கிலோ வரை சுமந்து ஏற்றம். வெள்ளியங்கிரி, கடப்பாறைப் படியும் சங்கிலியும் உள்ள பர்வதமலை ஆகியவை வார இறுதிக்கு உதவும். 15 கிலோவோடு 1,000 மீட்டர் உயரத்தை மூன்று மணிநேரத்துக்குள் ஏறி, மறுநாளும் அதையே செய்ய முடிந்தால் கால் தயார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாறை ஏறப் பழக பாதாமி, ராமநகரா பாறைகள் தென்னிந்தியாவில் நல்ல இடங்கள். ஒருமுறையாவது மலையில் போடும் இரட்டை பூட்ஸோடு எளிய பாறை ஏறிப் பாருங்கள். மஞ்சள் கோபுரத்தில் காலில் இருக்கப்போவது அந்த மொத்தமான பூட்ஸ்தான், ஒட்டிப்பிடிக்கும் பாறை ஷூ அல்ல.

கயிற்று வேலையில் எதைப் பழக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

இடுப்பில் கட்டும் ஹார்னஸில் மூன்று நிரந்தரமாக இருக்கும்: ஜூமார் ஒரு ஸ்லிங்கில் (வலுவான நாடா), பூட்டுள்ள காரபைனர் (திறந்து மூடும் உலோக வளையம்) ஒன்று இன்னொரு ஸ்லிங்கில் (இதுதான் சேஃப்டி), கயிற்றில் இறங்க எட்டு வடிவக் கருவியான டிசெண்டர். ஜூமார் ஸ்லிங்கின் நீளம் முக்கியம். அதில் முழு எடையோடு தொங்கும்போது முழங்கை சற்று மடங்கிய நிலையில் ஜூமார் கைக்கு எட்ட வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால், செங்குத்துச் சுவரில் ஒருமுறை தொங்கிவிட்டால் ஜூமாரைக் கழற்றவும் முடியாது, தள்ளவும் முடியாது. கடையில் வாங்கிய நீளத்தை நம்பாமல் வீட்டு மரத்தில் தொங்கிச் சரிபாருங்கள்.

ஏறும்போது ஆங்கர் (கயிற்றை மலையில் கட்டியிருக்கும் இடம்) வந்தால், ஜூமாரை முடிச்சில் இடிக்கும்வரை தள்ளாதீர்கள். ஒரு சாண் முன்பே நிறுத்துங்கள். பல்லை விடுவிக்க அதைக் கொஞ்சம் மேலே நகர்த்த வேண்டும், இடித்துவிட்டால் நகராது. முதலில் சேஃப்டியை ஆங்கருக்கு மேலுள்ள கயிற்றில் மாட்டி, பூட்டி, இழுத்துப் பாருங்கள். பிறகு ஜூமாரைக் கழற்றி மேல் கயிற்றில் போடுங்கள். எந்த நொடியிலும் இரண்டில் ஒன்று கயிற்றில் இருக்கும், அவ்வளவுதான் விதி. பக்கவாட்டில் போகும் இடங்களில் கயிறு கோணலாக இழுப்பதால் ஜூமார் பிடி நழுவக்கூடும். அதன் மேல் துளையில் ஒரு காரபைனரைக் கயிற்றையும் சேர்த்து மாட்டுங்கள். முழுக்கக் கிடைமட்டம் என்றால் ஜூமாரே வேண்டாம், இரண்டு காரபைனர் போதும். கயிற்றில் பனி உறைந்திருந்தால் பல்லில் பனி அடைத்து வழுக்கும். ஊதியோ தட்டியோ நீக்கிவிட்டுத்தான் எடையைக் கொடுக்க வேண்டும்.

இறக்கம் இதைவிட ஆபத்து. ஆங்கரில் சேஃப்டியை மாட்டுங்கள். அடுத்த கயிற்றை இழுத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் கீழே ஒருவர் இன்னும் அதில் தொங்குகிறார், டிசெண்டருக்குள் கயிறு நுழையாது. காத்திருங்கள். தளர்ந்ததும் கயிற்றை டிசெண்டரில் கோத்து, காரபைனரைப் பூட்டி, முதலில் அதில் எடையைக் கொடுத்துப் பார்த்த பிறகே சேஃப்டியை ஆங்கரிலிருந்து எடுத்து இறங்கும் கயிற்றில் மாட்டுங்கள். இந்த வரிசை தலைகீழானால் பிடிக்க எதுவும் இருக்காது. நீண்ட முடி, ஜாக்கெட் நாடா, தொங்கும் கேமரா வார் எல்லாம் டிசெண்டருக்குள் போய்ச் சிக்கும். உள்ளே செருகிவிடுங்கள். டிசெண்டரைக் கீழே நழுவவிட்டவர்கள் ஏராளம். எனவே காரபைனரில் முடிச்சுப் போட்டு இறங்கும் முறையையும் கற்றிருக்க வேண்டும்.

ஒரு மரக்கிளையில் 10 மீட்டர் கயிற்றை இரண்டாகக் கட்டி நடுவில் ஓர் ஆங்கர் போட்டு, தடித்த மிட்டனோடு (விரல் பிரியாத கையுறை), ஹெட்டார்ச் வெளிச்சத்தில் ஏறி இறங்குங்கள். நூறு முறை.

பழைய கயிறுகள் தொங்குமாமே?

ஆம், முகடு முழுக்க. ஒரே ஆங்கரில் நாலைந்து கயிறுகள் கிடக்கும். அந்தப் பருவத்தில் போட்டது எந்த நிறம் என்று கயிறு கட்டிய ஷெர்பாக்களிடம் பேஸ் கேம்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் வெளுத்தது, விறைத்தது, உறை கிழிந்து உள்ளே வெள்ளை நார் தெரிவது எதிலும் ஜூமார் போடாதீர்கள். புதுக் கயிறும் கூரான கிரானைட்டில் உரசிச் சில வாரங்களில் வெட்டுப்படும். ஒவ்வொரு துண்டையும் எடையைக் கொடுக்குமுன் கண்ணால் பாருங்கள்.

பூட்ஸ், துணி, தூக்கப்பை: எதில் காசு செலவழிக்க, எதை வாடகைக்கு எடுக்க?

பூட்ஸில் கஞ்சத்தனம் கூடாது. 6,000 மீட்டருக்கான இரட்டை பூட்ஸ், அரை அல்லது ஒரு அளவு பெரிதாக. இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் போய்விடும். கிராம்பான் (பூட்ஸ் அடியில் மாட்டும் முள்சட்டம்) எஃகில், 12 முள், பனி ஒட்டாத தட்டோடு. அலுமினியம் வேண்டாம், பாறையில் தேய்ந்துவிடும். வீட்டிலேயே பூட்ஸில் மாட்டி, உதறிப் பாருங்கள், கழலக்கூடாது. ஹெல்மெட், ஹார்னஸ், கையுறை மூன்று ஜோடி (மெல்லியது, வேலை செய்யத்தக்கது, கனத்த மிட்டன்) இவை உங்களுடையதாக இருக்கட்டும்.

மைனஸ் 25-க்கான தூக்கப்பை, கனத்த டவுன் (பறவை இறகு அடைத்த) ஜாக்கெட் இரண்டையும் காத்மாண்டு தமேலில் வாடகைக்கு எடுக்கலாம். அங்கே விற்கும் 'பிராண்ட்' ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் போலி; கேம்ப் வரை போட ஒன்றும் கெடுதலில்லை. ஆனால் உயிர் தொங்கும் எதையும், அதாவது காரபைனர், ஸ்லிங், ஹார்னஸ், அங்கே மலிவாக வாங்காதீர்கள்.

மேலே என்ன சாப்பிடுவது? தண்ணீர்?

பேஸ் கேம்பில் சமையல்காரர் இருப்பார், சோறு பருப்பு கிடைக்கும். 6,000 மீட்டரில் தண்ணீர் 80 டிகிரியிலேயே கொதித்துவிடும், எனவே அரிசி வேகாது. வெந்நீர் ஊற்றினால் ஆகிற உணவு மட்டும்: உடனடி உப்புமா, நூடுல்ஸ், சூப், அவல். எனர்ஜி பார் குளிரில் கல்லாகிவிடும், உள்சட்டைப் பையில் வையுங்கள். இனிப்பு திகட்டிவிடும் என்பதால் உறைப்பாக, உப்பாகப் பாதி இருக்கட்டும். ஊறுகாய்ப் பொட்டலம் மறக்காதீர்கள். பசியே செத்துப்போன இடத்தில் நாலு வாய் உள்ளே தள்ள அதுதான் உதவும்.

ஒருவருக்கு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். அத்தனையும் பனியை உருக்கித்தான். இருவருக்கு நாளொன்றுக்கு 230 கிராம் வாயு உருளை ஒன்று கணக்கு. பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போடுங்கள், இல்லையென்றால் அடி தீயும். கேம்ப் 2-ஐச் சுற்றிப் பல ஆண்டுக் கழிவு கிடக்கிறது. அங்கே கூடாரத்துக்குப் பக்கத்துப் பனியை அள்ளுவது வயிற்றுப்போக்கை வரவழைப்பது. சுத்தமான பனியைத் தள்ளிப்போய், கயிற்றில் மாட்டிக்கொண்டு, பையில் நிரப்பி வாருங்கள். பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மூடிப்பக்கம் உறையாது. உறிஞ்சுகுழாய்ப் பை இங்கே உதவாது, குழாய் உறைந்துவிடும்.

சிகர நாள் எப்படிப் போகும்?

கேம்ப் 2-இலிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்புவார்கள். முந்தைய மாலை பூட்ஸின் உள்பகுதி, பேட்டரி, சன்ஸ்கிரீன் எல்லாம் தூக்கப்பைக்குள். ஹார்னஸைக் கூடாரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்து ஒருவர் பக்கிளை இன்னொருவர் கையால் தொட்டுச் சரிபாருங்கள்.

திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள், நண்பகல் என்று வைத்துக்கொள்வது நல்லது. மேலே மூளை பேரம் பேசும். இருட்டும்முன் கேம்ப் 2 வர முடிந்தாலே போதும் என்று கணக்கிட்டுத் திரும்புங்கள். சாம்பல் கோபுரத்தில் மேலே ஆள் இருந்தால் கல் விழும். ஒருவர் கடக்கும்வரை மற்றவர் ஓரமாக நிற்க வேண்டும்.

விரல் மரத்துப்போனால் அங்கேயே நின்று அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். பனியால் தேய்க்கவே கூடாது. வெளுத்து, கட்டையாகிவிட்டால் பேஸ் கேம்ப் வந்து 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வையுங்கள். மறுபடி உறைய வாய்ப்பிருக்கும் இடத்தில் உருக்கினால் இழப்பு இன்னும் அதிகம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் காகித வேலையில் கவனிக்க வேண்டியது?

விசா தேவையில்லை. என்றாலும் பாஸ்போர்ட்டே கொண்டுபோங்கள். ஏறும் அனுமதியை நேபாள அரசின் சுற்றுலாத் துறையிடம் ஏற்பாட்டு நிறுவனம் வாங்கித் தரும். காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: உயர வரம்பு 6,812 மீட்டரைத் தாண்டுகிறதா, கயிறு பயன்படுத்தும் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா. 'ட்ரெக்கிங் காப்பீடு' என்று விற்பவை பெரும்பாலும் இரண்டிலும் உதவாது. ஹெலிகாப்டர் மீட்பு எழுத்தில் இருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவிகளை இந்திய விமான நிலையம் வழியாக எடுத்துப்போகாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், கைதான பயணிகள் உண்டு. நேபாளத்தில் ஏற்பாட்டு நிறுவனத்திடம் அனுமதி பெற்ற போன் இருக்கிறதா என்று கேளுங்கள். வாயு உருளை, லைட்டர் இரண்டும் விமானத்தில் போகாது, காத்மாண்டில் வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்பாட்டு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விலையைக் கேட்குமுன் இவற்றைக் கேளுங்கள். ஓர் ஏறுநருக்கு ஒரு ஷெர்பாவா, மூவருக்கு ஒருவரா? அவர் இதே மலையில் எத்தனை முறை ஏறியவர்? அவருக்கும் சுமைகாரர்களுக்கும் காப்பீடு உண்டா? கேம்ப் 2-இல் கூடாரம் நமக்கென்று இருக்குமா, வேறு குழுவோடு பகிர்வா? அவசரத்துக்கு ஆக்சிஜன் பேஸ் கேம்பில் இருக்குமா? கழிவுப் பை தருவார்களா? உங்கள் முன்னனுபவத்தைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் முன்பணம் கேட்டால், அதே குழுவில் உங்களோடு கயிற்றில் வரப்போகிறவரிடமும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.